பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவள்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆளைக் கையைப் பிடித்துப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டால், அதற்கப்புறம் எத்தனை விருந்து சாப்பிட்டாலும் அந்த ஆளுக்கு அந்த ஒரு இலை மறக்காது. புதுச்சேரி உப்பளத்துப் புஷ்பமேரியை அப்படித்தான் எழுப்பிவிட்டார்கள். அதுவும் அவளே இலை போட்டு, அவளே ஆக்கி, அவளே ஊரைக் கூப்பிட்டு உட்கார வைத்த பந்தியிலிருந்து.

பந்தி என்றது நிஜப் பந்தி இல்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சி. புதுச்சேரியில் கேபிள் வைத்திருக்கிற வீடுகளுக்கும் பிரான்ஸில் நம் ஊர்க்காரர்கள் இருக்கிற வீடுகளுக்கும் அதன் பெயர் தெரியும்: ‘ஒரே பந்தி’. கடலோரம் டி.வி.யில், ஊர் அடங்கிய பிறகு வருவது.

புஷ்பமேரியின் அப்பா பழைய துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். துறைமுகம் ஓய்ந்ததும் அவரும் ஓய்ந்துபோனார். அம்மா அமலோற்பவம் நாலு வீட்டுத் துணிக்கு இஸ்திரிப் பெட்டி போட்டு இரண்டு பெண்களை வளர்த்தாள். மூத்தவள் மேரி பி.ஏ. முடித்தபோது அந்தச் சந்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். கறுப்பு அங்கியோடு எடுத்த போட்டோவை அமலோற்பவம் மாதா படத்துக்குப் பக்கத்தில், மாதாவைவிட ஒரு விரற்கடை உயரத்தில் மாட்டினாள். பாதர் வீடு மந்திரிக்க வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தார். அவள் இறக்கி மாட்டவில்லை.

அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த வேலை, நெல்லித்தோப்பில் பிளைவுட் கடைக்கு மேல் மாடியில் இயங்கிய கடலோரம் டி.வி.யில், திரையின் அடியில் ஓடும் வரிகளை டைப் அடிப்பது. இரட்டை மாட்டு வண்டி வாடகைக்கு, மணமகன் தேவை, கண்ணீர் அஞ்சலி. சாவு வரிகளை அவள் எழுதுகிற விதமே தனி. செத்தவரின் பெயரோடு தெருவில் கூப்பிடுகிற பெயரையும் சேர்த்துப் போடுவாள். ‘சோடாக்கடை சின்னத்தம்பி’ என்று போட்டால்தான் ஆள் வரும் என்பாள். ஆள் வந்தது.

டி.வி.யின் முதலாளி அன்வருதீன் பாய் நல்ல மனுஷர்தான். வீட்டாருக்கும் விளம்பரம் கொடுப்பவர்களுக்கும் மட்டும் பயந்தவர். அவருடைய மச்சான்தான் அப்போது செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு செய்தி வாசிக்கக் கூடாது என்று மேரி ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அடுத்த நாளே அவளை ராத்திரி வேலைக்குத் தூக்கிப் போட்டார்கள். பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை பழைய பாட்டு ஓட்ட வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் ஆண்களின் சகல பலவீனங்களுக்கும் லேகியம் விற்கும் வைத்தியர் வருவார். அவருக்கு முந்தைய ஒரு மணி நேரம் யாருக்கும் வேண்டாத நேரம். தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள்.

தங்கை பெனிஷாவுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை அமைந்து, பாரீஸுக்குப் பக்கத்தில் சர்செலில் குடியிருந்தாள். ஒரு ராத்திரி பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது போன் போட்டாள்.

“அக்கா, தூங்கலியா நீ?”

“தூக்கமா? பதினோரு மணிக்குத் தனியா உக்காந்து பாட்டு போட்டுட்டிருக்கேன். பேயி கூடக் கேக்காது.”

“உனக்குத்தான் பதினோரு மணி. எனக்கு ஏழரை. இப்பத்தான் குக்கர எறக்குறேன். நீ போடுறத நெட்ல விட்டா இங்க ஊரு ஊரா சோறு தின்னுக்கிட்டே பார்ப்பாங்க.”

மேரி அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுவாரம் ஸ்டூடியோவில் பழைய டைனிங் மேசை ஒன்றைப் போட்டு, அம்மாவை உட்கார வைத்தாள். அமலோற்பவம் முன்னால் சோறும் கருவாட்டுக் குழம்பும். எதிரே திரையில் சர்செலில் பெனிஷா, அதே கருவாட்டுக் குழம்போடு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயில் வைத்தார்கள்.

“ஏண்டி சன்னலெல்லாம் சாத்திக் கெடக்குது?” என்றாள் அமலோற்பவம்.

“மேல் வீட்டு வெள்ளக்காரம்மா நாத்தம்னு சண்டைக்கு வர்றாம்மா.”

“தொறந்து வுடு. அவளுந்தான் கொஞ்சம் மோந்துக்கட்டும்.”

அந்த வீடியோத் துண்டு ஊரெல்லாம் சுற்றியது. அதற்கப்புறம் பந்தி நிற்கவில்லை. இங்கே யார் வீட்டு அம்மாவோ அப்பாவோ தங்கள் கையால் ஆக்கியதைத் தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்து மேசையில் உட்காருவார்கள். அங்கே பிள்ளை அதையே ஆக்கி வைத்துக்கொண்டு கூப்பிடும். நடுவில் மற்ற வீடுகளிலிருந்து போன் வரும். ‘அத்தே, புளி தூக்கலா போட்டுட்டீங்களாட்டம் இருக்கே’ என்று பாரீஸுக்குப் பக்கத்துக் கூர்னேவிலிருந்து ஒருத்தி கேலி செய்வாள். வாட்ஸப்பில் பேசிக்கொள்ளலாம்தான். ஊரே பார்க்கப் பிள்ளையோடு சாப்பிடுவது வேறு.

முதல் வருஷ அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனே அடிக்கவில்லை. ஒரு மணி நேரம் மேரி ஈ ஓட்டினாள். நிகழ்ச்சி முடிந்து லைட்டை அணைத்த பிறகு ஒரேயடியாக எல்லாப் போனும் அடித்தன. பெனிஷாதான் விளக்கினாள். அங்கே குளிர்காலம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். மார்ச் கடைசியில் முன்னுக்கு இழுப்பார்கள். அவர்களுடைய ஏழரை, குளிர்காலத்தில் நமக்கு நடுராத்திரி பன்னிரண்டு.

அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை மேரி பந்தியை நகர்த்தினாள். வெயில் காலத்தில் பதினோரு மணி, குளிர்காலத்தில் பன்னிரண்டு. லேகிய வைத்தியர் தன் நேரத்தை மாற்றுகிறார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சபித்தார். அவர் சாபம் பலிப்பதாக இருந்தால் அவர் ஏன் லேகியம் விற்கிறார் என்று மேரி விட்டுவிட்டாள்.

விமானம் பறக்காத அந்த வருஷத்தில் அமலோற்பவம் செத்துப்போனாள். பெனிஷாவால் வர முடியவில்லை. எட்டாம் நாள் மேரி மேசையில் இலை போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றி, நாற்காலியைக் காலியாக விட்டாள். சர்செலில் பெனிஷா தனியாகச் சாப்பிட்டாள். சன்னலைத் திறந்து வைத்திருந்தாள். அன்று பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரல் இறங்கும்.

இனி ஜெரின்.

கோயில் பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்தவனை மேரிதான் கூட்டிவந்தாள். முகம் நல்ல முகம். சிரித்தால் கிழவிகள்கூட முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். பேசத்தான் வராது. காதில் ஒரு சின்ன கருவியைச் செருகிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மேரி சொல்லச் சொல்ல அவன் சொல்வான். ‘அத்த கையில வளையல் புதுசா இருக்கு, கேளு.’ ‘இப்ப சும்மா இரு, அந்தம்மா அழட்டும்.’ ஊர் அவனைக் கொண்டாடியது. மேரிக்கு அதில் வருத்தமில்லை. குழம்பு ருசியாக இருந்தால் கிண்ணத்தைப் பாராட்டட்டுமே என்று இருந்தாள்.

பாரீஸிலிருந்து ஒரு நகைக்கடைக்காரர் பெரிய விளம்பரத்தோடு வந்தார். அதோடு ஜெரினுக்குக் கொம்பு முளைத்தது. பாயின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினானோ, ஒரு திங்கட்கிழமை எல்லாரையும் கூட்டிவைத்து பாய் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “இனிமே ஒரே பந்தி தயாரிப்பு ஜெரின் தம்பி. மேரி, நீ... கூடமாட இரும்மா.”

“கூடமாடன்னா?” என்றாள் மேரி.

ஜெரின் சிரித்தான். “நீங்க போன் எடுங்க மேரிக்கா. உங்களுக்கும் வயசாவுது, இனிமே ஓடியாட வேணாம். போஞ்சூர்னு பிரெஞ்சுல வணக்கம் சொல்லத் தெரிஞ்சா போதும்.”

பத்துப் பேர் இருந்தார்கள். மேரி பாயைப் பார்த்தாள். பாய் மேசையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அதையும் அவள் பொறுத்திருப்பாளோ என்னவோ. அந்த வாரமே புது விளம்பரப் படம் ஓடியது. வெள்ளைச் சட்டையில் ஜெரின், பின்னால் கடல். அவன் கண் கலங்கச் சொன்னான்: “எங்கம்மா எறந்தப்ப எங்கக்காவால பிரான்ஸ்லேர்ந்து வர முடியல. அன்னிக்கு ஒரு காலி நாற்காலிக்கு முன்னால எல போட்டேன். அங்க பொறந்ததுதான் ஒரே பந்தி.”

மேரி அதை ஆபீசில், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பார்த்தாள். டீயைக் கீழே வைத்தாள். தன் தாயைச் சவப்பெட்டியோடு ஒருத்தன் தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஜெரினின் தாய் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இடியாப்பம் விற்றுக்கொண்டிருந்தாள், உயிரோடுதான். மறுநாள் காலை மேரி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“இடியாப்பம் வாங்க வந்தவங்கெல்லாம் என்னப் பேயப் பாக்குற மாதிரி பாக்குறாங்க மேரி. பெத்தவள உயிரோட பொதச்சிட்டானே, இவன் வெளங்குவானா?”

“வெளங்காம பாத்துக்குறேங்க்கா, நீங்க போய்க் கடயப் பாருங்க” என்றாள் மேரி. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

வழியை ஜெரினே காட்டிக்கொடுத்தான். நகைக்கடைக்காரருக்காகப் பெரிய நிகழ்ச்சி ஒன்று ஏற்பாடு செய்தான். புது மேடை, புது மேசை, கூடத்தில் நூறு நாற்காலி. அக்டோபர் கடைசி ஞாயிறு. எல்லாரையும் உட்கார வைத்து அறிவித்தான்.

“இன்னொரு விஷயம். சீசனுக்கு சீசன் டைம் மாத்துற கூத்தெல்லாம் இனி கெடையாது. வருஷம் முழுக்க பதினோரு மணி. பன்னெண்டு மணிய வைத்தியருக்கே மொத்தமா எழுதிக் கொடுத்தாச்சு. மேடத்துக்குக் குளிர் வந்தா லேட்டாத்தான் முழிப்பு வரும், அதுக்காக ஊரே முழிச்சிருக்கணுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை வருஷமும் மேரி வரச்சொன்ன நேரத்துக்கு வந்து, சொல்லச் சொன்னதைச் சொன்னவன் அவன். ஏன் அந்த நேரம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை.

மேரி வாயைத் திறந்தாள். பழக்கம் அப்படி. அவன் தப்புச் செய்யப்போகும்போதெல்லாம் காதில் சொல்லித்தானே பழக்கம்?

“இன்னா மேரிக்கா? போன் வயரு நீளம் பத்தலயா?” என்றான் ஜெரின்.

“ஒண்ணுமில்ல ஜெரின். நல்லா இருக்கு” என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

‘பிரான்ஸில் ஞாயிறு மாலை 7.30’ என்று கொட்டை எழுத்தில் போட்ட போஸ்டர் வாட்ஸப்பில் பறந்தது. அன்றிரவே பெனிஷா கூப்பிட்டாள்.

“அக்கா, அன்னிக்குக் காலையிலதான் நாங்க கடிகாரத்த மாத்துறோம். எங்களுக்கு ஏழரைன்னா உங்களுக்குப் பன்னெண்டாச்சே? இவன் பதினொண்ணுக்கு வெச்சிருக்கானாம்?”

“வாயத் தொறக்காத.”

“எல்லாரும் ஏமாந்துடுவாங்கக்கா. அவனும் பாவம்...”

“யாரு பாவம்? எங்கம்மா பாவம். உனக்கும் அவதான் அம்மா. நீ தின்ன அந்தச் சோத்த அவன் தான் தின்னதாச் சொல்றான்டி.”

பெனிஷா, “சரி. நான் யாருக்கும் சொல்லல” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பாய், அவர் பக்கத்தில் நகைக்கடைக்காரர். மேடை மேசையில் வைத்திக்குப்பம் செல்வாம்பாள் தூக்குப்பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கிறவள். அவள் மகள் லட்சுமி கூர்னேவில் பிள்ளை பெற்று மூன்று மாதம். பேரனை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று வஞ்சிரக் குழம்பும் ஆக்கி, பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேடைக்குப் பக்கவாட்டில், திரைத்துணிக்குப் பின்னால் நாலு போன் வைத்த மேசை. அங்கே மேரி.

பதினோரு மணி. ஜெரின் கைகூப்பினான். இசை முழங்கியது. “பாரீஸ் சொந்தங்களே, இல போட்டாச்சு, கூப்பிடுங்க!”

யாரும் கூப்பிடவில்லை.

அவன் பாடினான். நகைக்கடையைப் புகழ்ந்தான். செல்வாம்பாளிடம் மீன் விலை கேட்டான். காதில் ஒரு சொல்லும் வராததால், கேட்டதையே திரும்பக் கேட்டான். “மீனு நல்ல மீனுங்களா?”

“இன்னாப்பா கேள்வி இது, கெட்ட மீனயா கொண்டாருவேன்?” என்றாள் செல்வாம்பாள். கூடம் சிரித்தது. அது அவன் எதிர்பார்த்த சிரிப்பில்லை.

ஒரு போன் அடித்தது. ஜெரின் தாவினான். “சொல்லுங்க, பிரான்ஸ்ல எங்கேர்ந்து பேசுறீங்க?”

“வில்லியனூர்லேர்ந்து சார். லேகியம் எத்தினி மணிக்கு சார் வரும்?”

விளம்பர இடைவேளையில் அவன் திரைத்துணியை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். பவுடர் வழிந்திருந்தது. “இன்னாக்கா இது? லைன் வேலை செய்யுதா? நீங்க போட்டுப் பாருங்க!”

“போட்டேனே. லட்சுமி பஸ்ல இருக்கா. சர்செல்காரங்க கோயில்ல பூசையில இருக்காங்க. இன்னொருத்தர் பொறந்தநாள் வூட்டுல இருக்காரு.”

அத்தனையும் உண்மை. மூன்று பேருமே ‘ஏழரைக்குத்தானே, இன்னும் நேரமிருக்கே’ என்று சொன்னார்கள். அதை அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

“எல்லாருக்கும் இன்னிக்குத்தானா வேல!” என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மேடைக்குத் திரும்பினான். அவன் போவதை மேரி ரசித்துப் பார்த்தாள். சட்டையின் முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. இஸ்திரிப் பெட்டி போடுகிறபோது அம்மாவுக்கு முதுகு அப்படித்தான் நனையும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்றுதான் அவளை உறுத்தியது. விளக்கு வெளிச்சத்தில் செல்வாம்பாள் வியர்த்துக்கொண்டு, வெற்றுத் திரையையே பார்த்தபடி இருந்தாள். அடுத்த இடைவேளையில் மேரி தண்ணீர் கொடுக்கப் போகிற சாக்கில் குனிந்து, “லட்சுமி பன்னெண்டு மணிக்குத்தான் வருவா. பாத்திரத்தத் தொறக்காம வெச்சிருங்க” என்றாள்.

செல்வாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மீன் ஏலத்தில் பழகிய கண். என்ன நடக்கிறது என்று பாதி புரிந்துவிட்டது. “அப்பிடியா சங்கதி” என்றாள்.

வேறு வழியில்லாமல் ஜெரின், “சரிம்மா, நீங்க மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க, ஜனங்க பாக்கட்டும்” என்றபோது, அவள் தூக்குப்பாத்திரத்தை மடியில் எடுத்து வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எம்பொண்ணு வராம நான் வாய் வெக்க மாட்டேன்.”

“ஒரே ஒரு வாய்ம்மா...”

“கைய எடு. நீயா எம்மவன்? உங்காத்தா அங்க இடியாப்பம் வித்துக்கிட்டு இருக்குறா, அவளச் சாவடிச்சிட்டு இங்க எனக்குச் சோறூட்ட வந்துட்டியா?”

அது அப்படியே நேரலையில் போனது. முன்வரிசையில் நகைக்கடைக்காரர் எழுந்துகொண்டார். பாய் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் மறுபடி எழுந்துகொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஜெரின் செத்த குரலில் வணக்கம் சொன்னான். விளக்குகள் அணைந்தன. திரையில் வைத்தியர் வந்து பலவீனங்களைப் பட்டியல் போட ஆரம்பித்தார்.

அந்த நிமிஷம் நாலு போனும் சேர்ந்து அடித்தன. எடுத்து வைத்தால் அடித்தன, வைக்காமலும் அடித்தன. ஜெரின் திரைத்துணியைக் கிழிக்காத குறையாக ஓடி வந்தான். “வருது! லைன் வருது! வைத்தியர நிறுத்தச் சொல்லுங்க!”

“எப்பிடி நிறுத்துறது? நீதான மொத்தமா எழுதிக் கொடுத்த?” என்றாள் மேரி. போனை எடுத்தாள். “போன்சுவார். ஆமாங்க, பந்தி முடிஞ்சிடுச்சுங்க. ஏழரைன்னு போட்டவரு ஜெரின் சார்தான். அவரு நம்பர் தர்றேன், அவரயே கேளுங்க. எழுதிக்குங்க.”

அடுத்த போன். “போன்சுவார். எழுதிக்குங்க.”

அவன் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி அலற ஆரம்பித்தது. எடுத்தான். வசவு. வைத்தான். மறுபடி அலறியது. அணைக்கவும் பயம், நகைக்கடைக்காரர் கூப்பிட்டால்?

நடுவில் மேரி தன்னுடைய கைப்பேசியை ஒரு தண்ணீர்க் குவளையில் சாய்த்து நிறுத்தி, செல்வாம்பாளைப் போன் மேசையிலேயே உட்கார வைத்தாள். அதில் லட்சுமி, மடியில் பிள்ளை, முன்னால் தட்டு. தூக்குப்பாத்திரம் திறந்தது. வஞ்சிரக் குழம்பு வாசனை அந்தச் சின்ன இடத்தை நிறைத்தது. ஜெரின் கெஞ்சினான்.

“மேரிக்கா, இத மட்டும் நெட்ல போடுவோம்க்கா. என் மானம் கொஞ்சம் மிஞ்சும்.”

“போன் எடுக்குறவ நான். எனக்கு இன்னா தெரியும்?”

பாய் வந்து நின்றார். சாப்பிடுகிற செல்வாம்பாளையும் ஓயாமல் அடிக்கிற போன்களையும் மேரியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம்மா மேரி, உனக்கு இது தெரியுமா?”

“தெரியும் பாய்.”

“முன்னாடியே தெரியுமா?”

“வருஷத்துக்கு ரெண்டு வாட்டி நான்தான மாத்துனேன்?”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“நீங்களும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் பாய். அந்தத் திங்கக்கெழம.”

பாய் அன்று போலவே மேசையில் எதையோ தேடினார். இந்த முறை அங்கே மீன் முள்தான் கிடந்தது. கடைசியில், “நாளைலேர்ந்து நீயே எடுத்து நடத்தும்மா” என்றார்.

“பன்னெண்டு மணி வேணும். வைத்தியர நீங்களே பேசி நகத்துங்க.”

“சரி.”

“தயாரிப்புன்னு எழுத்துல எம்பேரு போடணும்.”

“போட்டுடலாம்.”

“நாளைக்கு நேரலையில ஜெரின் வரணும். அந்தக் காலி நாற்காலி யாரோடது, செத்தது யாரோட அம்மான்னு அவன் வாயால சொல்லணும். அவங்க ஆத்தாவும் பக்கத்துல உக்காந்திருக்கணும், இடியாப்பத்தோட.”

ஜெரின் நிமிர்ந்தான். “அக்கா, எல்லார் முன்னாலயுமா?”

“என்னயும் எல்லார் முன்னாலதான் பந்தியிலேர்ந்து எழுப்புனீங்க.”

“அதுக்கப்புறம்?” என்றார் பாய், ஏதாவது மிச்சம் இருக்குமோ என்ற பயத்தோடு.

மேரி நாற்காலியை விட்டு எழுந்தாள். அடித்துக்கொண்டிருந்த போன் ஒன்றை எடுத்து ஜெரின் கையில் வைத்து, அவன் விரல்களை அதன்மேல் மூடிவிட்டாள்.

“அதுக்கப்புறம் அவன் இங்க உக்காரட்டும். ஜெரின், ராத்திரியில போஞ்சூர் கெடையாது. போன்சுவார். சொல்லிப் பழகு.”

அவன் சொன்னான். பாதி குரல்தான் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கத்துவது மேரிக்கும் கேட்டது. அவள் செல்வாம்பாளுக்கு எதிரே உட்கார்ந்து, “ஒரு துண்டு எனக்கும் போடுங்க” என்றாள். சாயங்காலத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.